அடுத்த அறையில் இருந்தவர்கள்

விநாயகர் ஊர்வலம் நடைபெறும் நாளில் முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஊர்க்காரர்களைவிடக் காக்கிச் சட்டைக்காரர்களே மிகுதியாகக் கண்ணில் படுவார்கள். பல ஆண்டுகளாகப் பதற்றத்துக்குரிய நாளென்று அரசு அதைக் கருதி வருவதால், வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் காவலர்கள் வேன்களில் வந்து இறங்குகிறார்கள். பள்ளிக்கூட அறைகளிலும் திருமண மண்டபங்களிலும் தரையில் படுத்துறங்கி, விடியுமுன் எழுந்து, சாலையோரத்தில் வரிசையாக நின்றுவிடுகிறார்கள். இந்த ஊரில் அவர்களுக்கு உறவினரும் இல்லை, பகைவரும் இல்லை. எங்கிருந்தாவது ஒரு கல் வந்து விழுந்தால், அவர்களுக்குக் காப்பு அடுத்து நிற்பவரின் தோள்தான்.

ஓராண்டு நான் கண்ட காட்சி இது. நடுத்தர வயதைக் கடந்த காவலர் ஒருவர் வெயிலில் நிற்க மாட்டாமல் தள்ளாடினார். பக்கத்தில் நின்ற இளைஞர், மூடிக்கிடந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, அவருடைய இடத்தையும் தம்முடைய இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். சோற்றுப் பொட்டலம் வந்தபோது மணி மூன்றாகியிருந்தது. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. இரண்டு பொட்டலங்களை மூவர் பகிர்ந்து உண்டனர். இதைப் பார்த்த ஒருவர், காவலர்கள் தங்களுக்குள் கொண்டிருக்கும் பற்றை ஒரு குற்றமென்று எளிதில் சொல்லிவிட மாட்டார்.

அந்தப் பற்று வேர்விடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மற்றத் தொழிலாளரைப்போல் சங்கம் வைத்துக் குறை கேட்கும் உரிமையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்களுக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021இல்தான். மேலதிகாரி மரியாதையின்றிப் பேசினால் அதைச் சொல்லி ஆற அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. உடன் பணியாற்றுபவரிடந்தான் சொல்ல வேண்டும். இப்படி வெளியுலகிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொள்வது இயல்பு. ஆனால் வெயிலில் பிறந்த இந்தப் பற்று, காவல் நிலையத்தின் பூட்டிய அறைக்குள் நுழையும்போது என்னவாகிறது?

எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் நாள்தோறும் வருவார். எல்லாருக்கும் அவர் ‘ஏட்டையா’. ஒருநாள் பேச்சு சுற்றி வளைத்து இந்த இடத்துக்கு வந்தது. அவர் மறைக்கவில்லை. “உள்ளே ஒருத்தனை வச்சு அடிக்கிறப்போ எனக்கு டீத் தாகம் வந்துடும், சார். எழுந்து வெளியே போயிடுவேன். முடிஞ்சிருக்கும்னு தோணுறப்போதான் திரும்பி வருவேன். முப்பது வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கைதி மேலேயும் கை வச்சது இல்லே” என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரலில் சிறிது பெருமிதம் இருந்தது. பிறகு அவராகவே, “ஆனா டீ நிறையக் குடிச்சிருக்கேன்” என்று சேர்த்துக்கொண்டார்.

அவர் தீயவரல்லர். அண்டை வீட்டாருக்கு ஆபத்தென்றால் முதலில் ஓடுபவர் அவர்தான். அப்படிப்பட்டவருடைய மனச்சான்று தேநீர்க் கடை வரையில் அவரை நடத்திச் சென்று, அங்கே அவரோடு தானும் உட்கார்ந்துகொண்டது. அது ஏன் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

அடுத்த அறையில் இருந்தும் எழுந்து போகாத ஒருவரை நாடறியும்.

2020 ஜூன் 19ஆம் நாள் மாலை. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜ் என்பவரைக் காவலர்கள் அழைத்துச் சென்றனர். செய்தியறிந்து அவருடைய மகன் பென்னிக்ஸ் நிலையத்துக்குப் போனார். மகன் தானாகவே அந்தப் படியேறிப் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. இரவு முழுதும் இருவரும் அடிக்கப்பட்டனர். மறுநாள் அரசு மருத்துவமனையில் தகுதிச் சான்று தரப்பட்டது. நடுவர் காவலில் வைக்க ஆணையிட்டார். தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச்சிறை அவர்களை ஏற்றுக்கொண்டது. 22ஆம் நாள் இரவு மகனும், 23ஆம் நாள் அதிகாலை தந்தையும் இறந்தனர்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர்கள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி ஆகியோர் இதைத் தாமாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டனர். அவர்கள் ஆணைப்படி கோவில்பட்டி நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்குச் சென்றார். அங்கே நடந்ததை அவர் அறிக்கையாக எழுதியிருக்கிறார். அதிகாரிகள் ஒத்துழைக்கவில்லை. காவலர் ஒருவர் நடுவரையே ஒருமையில் பேசினார். கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைச் சேமித்து வைக்கப் போதிய இடம் கருவியில் இருந்தும், நாள்தோறும் அவை தாமாக அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒரு நடுவருக்கே இந்த நிலை என்றால், ஒரு பெண் தலைமைக் காவலருக்கு?

அவர் பெயர் ரேவதி. அன்றிரவு பணியிலிருந்தவர். அடி விடியும்வரை நடந்தது, லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை படிந்திருக்கிறது, அவை அழிக்கப்படுமுன் கைப்பற்ற வேண்டும் என்று அவர் நடுவரிடம் வாக்குமூலம் கொடுத்தார். வெளியே சக காவலர்கள் கேலிக்குரல் எழுப்பிக்கொண்டிருந்தனர். வாக்குமூலத்தில் கையெழுத்திட அவர் மிகவும் அஞ்சினார், தயங்கினார், பிறகு இட்டார். அந்தத் தயக்கத்தை நான் அவருடைய குறையாகக் கருதவில்லை. தயங்காமல் இட்டிருந்தால் அந்தக் கையெழுத்தின் விலை நமக்குத் தெரியாமலே போயிருக்கும். உயர் நீதிமன்றம் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பாதுகாப்புத் தர உத்தரவிட்டது. பின்னர் விசாரணை நீதிமன்றத்திலும் அவர் சாட்சி சொன்னார்.

தம் துறைக்கு அவர் செய்தது என்ன? நம் பேச்சுவழக்கில் அதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது: காட்டிக்கொடுத்தல். எட்டப்பன் என்ற பெயரைக் குழந்தைகள்கூட வசையாகச் சொல்லும் நாடு இது. வீடணன் அறத்தின் பக்கம் போனான் என்று நமக்குத் தெரியும். ஆயினும் நம் உள்ளம் கும்பகருணனிடந்தான் நிற்கிறது. தீயவனென்று தெரிந்தும் துரியோதனனுக்காக உயிர்விட்ட கர்ணனை எண்ணிக் கண்ணீர் விடுகிறோம். செஞ்சோற்றுக்கடன் என்ற ஒற்றைச் சொல்லில் நாம் மன்னிக்காத குற்றம் எதுவுமில்லை போலும்.

ஆனால் கும்பகருணனை நாம் பாதிதான் நினைவில் வைத்திருக்கிறோம். கம்பர் காட்டும் கும்பகருணன், எழுப்பப்பட்டு அவைக்கு வந்ததும் படைக்கலத்தைக் கையில் எடுத்துவிடவில்லை. சீதையை விட்டுவிடு, தம்பியோடு கூடிவாழ் என்று அண்ணனிடம் நேர்நின்று சொல்கிறான், கடுஞ்சொல் கேட்கிறான். அதன் பிறகே போருக்குப் போகிறான். போனது சரியா என்பது வேறு வழக்கு. அவன் செஞ்சோற்றுக்கடனின் முதல் தவணை, அண்ணனைத் தடுக்கச் சொன்ன சொல்லாகவே இருந்தது. வள்ளுவரும் நட்பைப் பேசும்போது சிரித்து மகிழ்வதற்கு அதில் இடம் கொடுக்கவில்லை. எல்லை கடக்கும்போது முன்சென்று இடித்துரைப்பதையே அதன் பயனென்கிறார்.

இவ்வாறு பார்த்தால், அன்றிரவு அந்த நிலையத்தில் தோழமை மிகுந்திருந்தது என்று சொல்ல முடியுமா? எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. லத்தியை ஓங்கியவனின் மணிக்கட்டைப் பிடித்து, ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல ஒருவர் முன்வந்திருந்தால், இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கும். கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட காவலர்களும் அன்றிரவு வீடு போய்ச் சேர்ந்து, பிள்ளைகளோடு உண்டு உறங்கியிருப்பார்கள். தோழமைக்கு வேலை இருந்த நேரம் அது. அப்போது ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் முடிந்தபின் பதிவை அழிப்பதிலும் வெளியே நின்று கேலி செய்வதிலும் அவர்கள் காட்டியதைத் தோழமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. மாட்டிக்கொள்வோமோ என்ற அச்சம் பலருக்கும் பொதுவாகிவிட்டபோது அது ஒற்றுமைபோல் காட்சியளித்தது, அவ்வளவுதான்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2020 மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு காவலர் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, உடன் இருந்த காவலர் மூவர். தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல் நின்றதும் குற்றமென்று 2022இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. கொலை வழக்கில் அந்நகரக் காவல்துறைத் தலைவரே சாட்சிக் கூண்டேறி, தம் காவலர் செய்தது தம் துறையின் பயிற்சிக்கும் கொள்கைக்கும் மாறானது என்று சொன்னார். செய்ததை மட்டுமின்றிச் செய்யாமல் விட்டதையும் பாவமென்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நமக்கு இந்தக் கருத்து புதிதன்று. எனினும் ஒரு குற்றவியல் நீதிமன்றம் அதைத் தண்டனையாக மாற்றும்போதுதான் அதன் கனம் புலப்படுகிறது.

நம் மாவட்டத் தலைநகரான திருவாரூரில், தியாகராசர் கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழனின் தேர் கல்லில் நிற்கிறது. கன்றை இழந்த பசுவுக்காக மகன்மீது தேரைச் செலுத்திய அரசனின் கதையை அறியாதவர் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலையும் வைத்திருக்கிறோம். ஆனால் அக்கதையில் வரும் அமைச்சர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இளவரசன் செய்த பிழைக்குச் சாத்திரப்படி ஒரு பரிகாரம் செய்துவிட்டால் போதும் என்று அவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள். வேறொருவன் இதைச் செய்திருந்தாலும் இப்படித்தான் சொல்வீர்களா என்பது அரசனுடைய எண்ணம்.

அந்த அமைச்சர்கள் இன்னும் இருக்கிறார்கள். பரிகாரத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது: ‘ஆயுதப்படைக்கு மாற்றம்’, ‘காத்திருப்போர் பட்டியல்’, ‘துறைவாரி நடவடிக்கை’. சாத்தான்குளத்திலும் முதலில் வந்தவை இடைநீக்கமும் இடமாற்றமுமே. உயர் நீதிமன்றம் தலையிட்ட பின்னரே கொலை வழக்குப் பதிவாயிற்று. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலர்மீது வரும் புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்றது. மாநில அளவில் அதன் தலைமைக்கு ஓய்வுபெற்ற நீதிபதியைச் சொன்னது. தமிழ்நாட்டில் அதற்காக 2013இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். உறுப்பினர்களாகக் காவல்துறையின் உயரதிகாரிகள். இளவரசனை விசாரிக்க அரண்மனையிலேயே ஆள் தேடியாயிற்று.

கதையின் நடுவில் இன்னொருவரும் வருகிறார். மகன்மீது தேரை ஓட்டும்படி அரசன் ஓர் அமைச்சரைப் பணிக்கிறான். அவர் அதைச் செய்ய மாட்டாமல் தம் உயிரை விட்டுவிடுகிறார். சேக்கிழார் அவரைச் சில சொற்களில் கடந்து போகிறார். எனக்கென்னவோ அவரைக் கடந்து போக முடிவதில்லை. ஆணையை நிறைவேற்றவும் முடியாமல், எதிர்த்துப் பேசவும் நாவெழாமல், மூன்றாவது வழியொன்றை அவர் தேடிக்கொண்டார். தேநீர்க் கடையும் அப்படியொரு மூன்றாவது வழிதான். அமைச்சர் அதற்குத் தம் உயிரைக் கொடுத்தார்; நம் காலத்தில் அது மலிவாகக் கிடைக்கிறது.

‘காவலர்கள் ஏன் அடிக்கிறார்கள்?’ என்று ஏட்டையாவைக் கேட்டேன். கொடூர மனம் என்று அவர் சொல்லவில்லை. “ரெக்கவரி, சார்” என்றார். அந்த ஒரு சொல்லில் ஒரு சட்ட வரலாறே அடங்கியிருக்கிறது. காவல் அதிகாரியிடம் கைதி கொடுக்கும் குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கக் கூடாதென்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விலக்கிவைத்தது. 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் அதையே தொடர்கிறது. ஆனால் கைதி சொல்லிய தகவலால் களவுப் பொருள் கிடைத்துவிட்டால், அந்த அளவுக்கு அவன் சொல் சான்றாகிவிடும். எனவே பொருள் கிடைத்தாக வேண்டும். பறிகொடுத்தவர் நாள்தோறும் நிலையத்துக்கு நடக்கிறார். மேலதிகாரி மாதக் கணக்குக் கேட்கிறார். கைரேகைக்கும் தடயத்துக்கும் காத்திருக்க நேரமில்லை. கையில் இருப்பது லத்தி.

இந்தச் சுவடு மிகப் பழையது. சென்னை மாகாணத்தில் வரி தண்டலிலும் குற்ற விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை ஆராயக் கும்பினி அரசு 1854இல் ஒரு குழுவை அமைத்தது. 1855இல் வெளிவந்த அதன் அறிக்கையில் விரல்களை நசுக்கும் ‘கிட்டி’யும், மனிதனைக் குனியவைத்துக் கட்டிப்போடும் முறையும் பேசப்படுகின்றன. வரியும் காவலும் ஒரே கையில் இருந்ததே கேட்டுக்குக் காரணமென்று கண்டு, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனிக் காவல்துறையை உண்டாக்கினார்கள். வருவாய்த்துறைக் கொடுமையிலிருந்து மக்களைக் காக்கப் பிறந்த துறை அது. 2020இல் தடயங்களைக் காப்பதற்காகச் சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்கும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, வரலாறு நூற்றறுபது ஆண்டுகள் நடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியும் ஒளியும் பதியும் கேமராக்கள் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகை காணாமற்போனதென்ற புகாரின்பேரில் கோயில் காவலாளி அஜித்குமார் விசாரிக்கப்பட்டபோது, அடி விழுந்தது கேமரா உள்ள இடத்தில் அன்று. அதை மறைவிலிருந்து கைப்பேசியில் பதிந்தவர் அருகிலிருந்த ஒரு சாதாரண மனிதர். அந்த இளைஞர் இறந்தார், காவலர்கள் கைதாயினர், வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போயிற்று. கருவிகள் எத்தனை வந்தாலும் இறுதியில் அருகிலிருக்கும் ஒரு மனிதரின் மனச்சான்றைத்தான் நாம் நம்ப வேண்டியிருக்கிறது.

செஞ்சோற்றுக்கடன் என்றால், அந்தச் சோறு யாருடையது? காவிரியின் கடைமடையில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. காவலருடைய ஊதியம் ஆய்வாளருடைய சட்டைப்பையிலிருந்து வருவதில்லை. தீப்பெட்டி வாங்கும்போதும் பேருந்தில் ஏறும்போதும் ஏதோ ஒரு வகையில் வரி கட்டுகிற, நாற்றங்காலில் குனிந்து நிற்கிற மக்களிடமிருந்து வருகிறது. பூட்டிய அறைக்குள் கிடப்பவனும் அவர்களுள் ஒருவன். ரேவதி கையெழுத்திட்டபோது தாம் உண்ட சோற்றுக்குரியவர் யாரென்று சரியாக அடையாளம் கண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இங்கே நிறுத்திவிட்டால் இது காவலர்களுக்குச் சொன்ன அறிவுரையாகிவிடும். அதற்கு எனக்குத் தகுதி இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் ஊரில் ஆசிரியனாக இருந்தபோது, எங்கள் ஐந்து மா நிலத்தின் பம்புசெட்டிலிருந்து செம்புக் கம்பி களவு போயிற்று. தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். யார்மீதாவது சந்தேகமுண்டா என்று கேட்டார்கள். எங்கள் வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஓர் இளைஞனின் பெயரைச் சொன்னேன். அவன்மீது சந்தேகம் வரக் காரணம் என்ன என்று இன்று யோசித்தால், அவன் ஏழை என்பதைத் தவிர வேறெதுவும் அகப்படவில்லை. போதாததற்கு, “கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லிவிடுவான்” என்றும் சொன்னேன். அந்தச் சொற்களை நான் வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டு போகவில்லை. அவை நம் எல்லார் நாவிலும் எப்போதும் ஆயத்தமாக இருப்பவை. நான் வெளியே வரும்போது எழுத்தர் எனக்குத் தேநீர் வரவழைத்திருந்தார். மறுக்காமல் குடித்தேன்.

அவனை இரண்டு இரவுகள் வைத்திருந்தார்கள். கம்பி கிடைக்கவில்லை. அவனுக்கும் களவுக்கும் தொடர்பில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு நடவுக்கு அவன் வரவில்லை, அறுவடைக்கும் வரவில்லை. ஒருநாள் அவன் வரப்பில் காலை இழுத்து நடந்து போவதைக் கண்டு, அவன் பார்க்குமுன் நான் மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

இதை ஏட்டையாவிடம் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. காவலர்களைக் குறை கூறும் கட்டுரையொன்று எழுதப்போகிறேன் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

“அந்தப் பையன் இப்போ எங்கே இருக்கான், சார்?”

எனக்குத் தெரியும். முத்துப்பேட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். பையனென்று சொல்ல முடியாது. அவனுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் நான் போகவில்லை.

“வேணும்னா நானும் கூட வர்றேன்” என்றார் ஏட்டையா.